படுக்கையறைக்கு எட்டாத சூடு

ஞானமணிக்கு நெருப்பென்றால் பயம். டெக்ஸஸில், ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் வாங்கிய வீட்டில் கேஸ் அடுப்பு இருந்தது. அதை எடுத்துவிட்டு மின்சார அடுப்பு வைத்த பிறகுதான் அவள் குடிவந்தாள். மகள் ரெபெக்காவின் பிறந்தநாள் மெழுகுவர்த்திகளைக்கூட, ஊதி அணைத்ததும் தண்ணீரில் முக்கித்தான் குப்பையில் போடுவாள். அவள் வேலை பார்த்த டேகேரில் தீயணைப்புப் பயிற்சி நடக்கும் நாளென்றால் லீவு போட்டுவிடுவாள்.

காரணம் இல்லாமல் இல்லை. கணவர் ரூஃபஸ் ஹூஸ்டன் பக்கத்தில் ஒரு கெமிக்கல் ஆலையில் பாய்லர் பிரிவு என்ஜினியர். அவர்கள் அமெரிக்கா வந்த புதிதில் அந்த ஆலையில் ஒரு வெடிவிபத்து நடந்தது. கைக்குழந்தையாக இருந்த ரெபெக்காவை இடுப்பில் வைத்துக்கொண்டு, அபார்ட்மென்ட் வாசலில், வடக்கு வானத்தில் எழும்பிய கரும்புகையைப் பார்த்தபடி பகல் முழுக்க நின்றாள். ஆலையில் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. சாயங்காலம் ரூஃபஸ் சட்டையெல்லாம் புகைநாற்றத்தோடு வந்து, குளித்து, தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுத்துத் தூங்கிப்போனார். அன்று அவளுக்குள் புகுந்தது மட்டும் வெளியே போகவில்லை.

ரூஃபஸ் ஓய்வு பெற்றதும் ஒரு டிராவல் டிரெய்லர் வாங்கினார். வண்டிக்குப் பின்னால் கோத்து இழுத்துப் போகிற வீடு. சமையலறை, குளியலறை, முன்கோடியில் ஒரு படுக்கையறை. ஒரு வருஷம் அமெரிக்காவைச் சுற்றிவிட்டு வருவோம் என்றார். பேர்லேண்ட் வீட்டை பிரணவ் என்ற இளைஞனுக்கும் அவன் மனைவிக்கும் ஒரு வருஷத்துக்கு வாடகைக்கு விட்டார்கள். வண்டி ஓட்டுவது, டிரெய்லரைக் கோப்பது, கழிவுநீர் இறக்குவது, கேஸ் நிரப்புவது எல்லாம் அவர் பாடு. சமையலுக்கு அவளிடம் இண்டக்ஷன் அடுப்பு இருந்தது. ஃப்ரிட்ஜுக்குக் கீழே, அலமாரிக்குள் உட்கார்ந்திருந்த ஃபர்னஸ், கேஸில் எரிந்து டிரெய்லரைச் சூடாக்கும் அந்த அடுப்பின் பக்கம் அவள் போனதே இல்லை. அது பற்றிக்கொள்ளும்போது 'குப்'பென்று ஒரு சத்தம் வரும். ஒவ்வொரு முறையும் அவள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள்.

அக்டோபரில் நியூ மெக்ஸிகோவிலிருந்து திரும்பி வரும் வழியில், அமரில்லோவுக்குக் கொஞ்சம் முன்னால், ஓட்டிக்கொண்டிருந்த ரூஃபஸ் திடீரென்று பிரேக்கை அழுத்தி வண்டியை ஓரங்கட்டினார். பின்னால் டிரெய்லருக்குள் சாமான்கள் தடதடவென்று உருண்டன. "என்னங்க, என்ன ஆச்சு?" என்று கேட்டாள். அவர் ஏதோ பதில் சொன்னார். அது எந்த மொழியுமாக இல்லை. ஸ்டியரிங்கிலிருந்து வலது கை நழுவி மடியில் விழுந்தது.

பக்கவாதம். உயிர் தப்பியது. வலது கையும் காலும் பாதிதான் திரும்பின, அதிலும் வலது காலில் உணர்ச்சி இல்லை, கிள்ளினாலும் தெரியாது. பேச்சு குலைந்துபோனது. சொல்ல நினைப்பது ஒன்று, வாயில் வருவது வேறொன்று. ஸ்பூனுக்கு "சாவி" என்பார். ஞானமணியை "டாக்டர்" என்று கூப்பிடுவார். "நாம சொல்றது அவருக்கு எல்லாமே புரியும். அவசரப்படுத்தாதீங்க. ஆமா, இல்லைன்னு பதில் சொல்ற மாதிரி கேளுங்க" என்று பேச்சுப் பயிற்சி தரும் பெண் சொல்லியிருந்தாள். சிகிச்சையை நடுவில் விடக்கூடாது, வசந்தம் வரை இங்கேயே இருங்கள் என்றார் டாக்டர். போவதற்கு வீடும் இல்லை. யாரோ டிரெய்லரை இழுத்து வந்து ஊருக்கு வெளியே, இப்படிப்பட்ட டிரெய்லர்களை நிறுத்தித் தங்கும் ஒரு ஆர்வி பார்க்கில் நிறுத்தித் தந்தார்கள். சுற்றிலும் மரமே இல்லாத பொட்டல்.

டிசம்பர் வரை சமாளித்தார்கள். அதற்குள் ஒரு விஷயம் தெரிந்துபோனது: டிரெய்லருக்குள் சூடு சமமாகப் பரவவில்லை. ஃபர்னஸிலிருந்து தரைக்கு அடியில் குழாய்கள் ஓடி, தரையில் அங்கங்கே பதித்த சல்லடைத் துவாரங்கள் வழியாகச் சூடான காற்று மேலே வரும். சமையலறையில் மூன்று துவாரம், குளியலறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று. சமையலறை அடுப்படி மாதிரி கொதிக்கும். படுக்கையறையில் கையை வைத்தால் யாரோ ஊதுகிற மாதிரி லேசான காற்று வரும், அவ்வளவுதான். சூட்டை அளந்து ஃபர்னஸை இயக்கும் தெர்மோஸ்டாட் சமையலறைச் சுவரில் இருந்ததால், அங்கே சூடு ஏறியதும் ஃபர்னஸ் நின்றுவிடும். படுக்கையறை குளிர்ந்தபடியே கிடக்கும். ரூஃபஸுக்கு இரண்டு கம்பளிகளைப் போர்த்திவிட்டு அவள் ஒப்பேற்றினாள்.

ஜனவரியில் ஒரு நாள் காலையில் வெயில் அடித்தது. பதினோரு மணிவாக்கில் வடக்குப் பக்கத்து வானம் கருநீலமாக மாறியது. நார்தர் என்று டெக்ஸஸ்காரர்கள் சொல்லும் வாடைக்காற்று. அது வந்து மோதியபோது டிரெய்லர் ஒரு பக்கம் தூக்கி உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஜன்னல் கண்ணாடியில் பனித்துகள் மணல் மாதிரி அறைந்தது.

பார்க் அலுவலகத்தை நடத்தும் டார்லா கோல்ஃப் வண்டியில் வந்து கதவைத் தட்டினாள். தலையில் துண்டைச் சுற்றியிருந்தாள். மின்சார ஹீட்டர் யாரும் போடாதீர்கள், எல்லோரும் போட்டால் பிரேக்கர் விழுந்து பார்க் முழுக்கக் கரண்ட் போய்விடும் என்றாள். பாதை உருகும் வரை ஆம்புலன்ஸ்கூட வர நேரமாகும் என்று சொல்லிவிட்டு, ரூஃபஸ் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தாள். "அவரைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அடுத்த டிரெய்லருக்குப் போனாள்.

மதியம் ரூஃபஸின் கால் உறையை மாற்றப் போன ஞானமணி அப்படியே நின்றுவிட்டாள். வலது பாதம் வெளுத்திருந்தது. தொட்டால் ஃப்ரீஸரிலிருந்து எடுத்த மீன் மாதிரி இருந்தது. கம்பளி எப்போதோ அந்தக் காலிலிருந்து நழுவி விழுந்திருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை.

"குளுருதாங்க?"

அவர் நிம்மதியாகத் தலையாட்டினார். இல்லை.

அந்தப் பதில்தான் அவளை உலுக்கியது. இந்த மனிதருக்கு விரல் விரலாக உறைந்துபோனாலும் ஒரு முனகல்கூட வராது. அவள் பார்க்காத நேரத்தில் என்ன வேண்டுமானாலும் நடக்கும். பாதத்தைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, "இயேசப்பா, இயேசப்பா" என்று முணுமுணுத்தாள்.

சமையலறை பெஞ்சில் அவரைப் படுக்கவைக்கலாமா என்று யோசித்தாள். அது ஒரு முழங்கை அகலம்தான். முந்தின வாரம் அதில் உட்கார்ந்திருந்தபோதே வலது பக்கம் சரிந்து விழப் பார்த்தார். ரெபெக்காவுக்கு ஃபோன் செய்தாள். ரெபெக்கா நியூஜெர்ஸியில் ஐசலினில் இருந்தாள்.

"அம்மா, ஜஸ்ட் கோ டு அ ஹோட்டல், ப்ளீஸ்."

"ரோடு பூரா ஐஸ்டி. உங்க டாடிய நான் எப்படி எறக்குவேன், எப்படி டிரைவ் பண்ணுவேன்? படியிலயே வழுக்கி விட்டுடுவேன்."

கொஞ்ச நேரம் கழித்து ரெபெக்காவே கூப்பிட்டாள். இணையத்தில் ஒரு வீடியோ பார்த்ததாகச் சொன்னாள். "கிச்சன் வென்ட்ஸ் எல்லாத்தையும் க்ளோஸ் பண்ணுங்கம்மா. தென் ஆல் தி ஹீட் ஹேஸ் டு கோ டு தி பெட்ரூம்."

கேட்கச் சரியாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் போகத்தானே வேண்டும்? ஞானமணி சமையலறையின் மூன்று துவாரங்களையும் அலுமினிய டேப்பால் ஒட்டினாள். குளியலறையில் இருந்ததன் மேல் துண்டை மடித்துப் போட்டு வாளியை வைத்தாள். நடக்க இடம் வேண்டுமென்று தண்ணீர் பாட்டில் கட்டுகளையெல்லாம் தள்ளி, ஃப்ரிட்ஜுக்குக் கீழே இருந்த அலமாரிக் கதவோடு சேர்த்து அடுக்கினாள். அந்தக் கதவில் கம்பி வலை போட்டிருந்ததை அவள் பெரிதாக எண்ணவில்லை. பிறகு கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, தெர்மோஸ்டாட்டை ஏற்றிவிட்டாள்.

'குப்.' உள்ளே பற்றிக்கொண்டது.

படுக்கையறைத் துவாரத்தில் கை வைத்தாள். முன்பைவிடக் கொஞ்சம் சூடு. "வருதுங்க!" என்றாள். ரூஃபஸ் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். புருவம் சுருங்கியிருந்தது.

"வாய்" என்றார்.

"தண்ணி வேணுமா?"

"வாய். வாய்."

தண்ணீர் கொடுத்தாள். தட்டிவிட்டார். கம்பளி நனைந்தது. இடது கையால் கட்டில் சட்டத்தை அடித்து, "வாய் தொற!" என்று கத்தினார். முகம் சிவந்தது.

தொண்டையில் ஏதாவது சிக்கிக்கொண்டதா? விழுங்கும்போது கவனம் என்று ஆஸ்பத்திரியில் ஆயிரம் தடவை சொல்லியிருந்தார்கள். காலையில் கொடுத்த இட்லியா? ஃபோன் வெளிச்சத்தை அடித்து, தாடையைப் பிடித்து, வாய்க்குள் பார்த்தாள். ஒன்றுமில்லை. அப்படியானால் மறுபடியும் பக்கவாதமா? "சிரிங்க. என்னைப் பாத்துச் சிரிங்க. இடது கையத் தூக்குங்க." அவர் கையைத் தூக்கினார். தூக்கிய கையாலேயே அவள் ஃபோனைத் தள்ளிவிட்டார். கண்ணில் கோபம் இருந்தது, பயமும் இருந்தது. அவர் கண்ணில் பயத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. வெடிவிபத்து நடந்த நாளில்கூட.

அப்போதுதான் அவர் ஒரு விரலை உயர்த்தினார். கேள் என்பது போல.

கேட்டாள். சமையலறையில் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. 'குப்.' நெருப்பின் இரைச்சல் கொஞ்ச நேரம். பிறகு 'டக்'கென்று அறுந்தது. விசிறி மட்டும் ஓடியது. துவாரத்தில் இப்போது வெறும் குளிர்காற்று. மறுபடி 'குப்', மறுபடி 'டக்'. ஒவ்வொரு 'டக்'குக்கும் ரூஃபஸின் விரல் கீழே இறங்கியது. முப்பது வருஷம் பாய்லர்களின் மூச்சைக் கேட்டே வேலை பார்த்தவர் அவர். பேச்சு போயிருந்தது. காது போகவில்லை.

அதோடு அந்த வாசனையும் வந்தது. தூசி கருகுகிற, பெயின்ட் காய்கிற வாசனை.

ஞானமணி சமையலறைக்கு ஓடினாள். தண்ணீர் பாட்டில்களின் பிளாஸ்டிக் உறை அலமாரிக் கதவோடு ஒட்டிச் சுருங்கத் தொடங்கியிருந்தது. தரையில் ஒட்டிய டேப் உப்பியிருந்தது. கால்கள் அவளைக் கேட்காமலே வாசலுக்குப் போய்விட்டன. தாழ்ப்பாளை நீக்கியதும் காற்று கதவைப் பிடுங்கிக்கொண்டு போய்ச் சுவரில் அறைந்தது. படிகள் கண்ணாடியாக இருந்தன. பக்கத்து டிரெய்லர்கூடத் தெரியவில்லை. வெளியே கொண்டுபோனால் அவர் குளிரில் போவார். உள்ளே வைத்திருந்தால் நெருப்பில். இவ்வளவு காலமும் அவள் பயந்து ஒதுங்கிய அத்தனையும் இப்போது அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு அலமாரிக்குள் உட்கார்ந்திருந்தது. கதவுக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். விரல்கள் கம்பியில் ஒட்டிக்கொண்டன.

"டாக்டர்!" உள்ளேயிருந்து ரூஃபஸ் கூப்பிட்டார். கத்தவில்லை. நிதானமாக, வேலையிடத்தில் ஆட்களைக் கூப்பிடுகிற குரலில். "டாக்டர். வாய்."

கதவை இழுத்துச் சாத்திவிட்டு உள்ளே போனாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. இடது கையைக் கட்டிலிலிருந்து தொங்கவிட்டு, தரையைக் காட்டிக்கொண்டிருந்தார். சல்லடை பதித்த துவாரத்தை.

"இந்த வாயா?"

அவர் கண்ணை மூடித் திறந்தார். உடம்பு முழுக்கத் தளர்ந்தது.

"நான் அடைச்சு வச்சிருக்கேனே, அதையெல்லாம் தொறக்கணுமா?"

ஆமாம். ஆமாம். ஆமாம்.

முதலில் தெர்மோஸ்டாட்டை அணைத்தாள். டேப்பைப் பிய்த்தாள், ஒட்டியிருந்த பசை விரலைச் சுட்டது. வாளியையும் துண்டையும் தூக்கி எறிந்தாள். தண்ணீர்க் கட்டுகளை இழுத்துப் போட்டதும், கம்பி வலைக் கதவு வழியாக அனல் அவள் முகத்தில் அடித்தது. ஃபர்னஸ் காற்றை உள்ளே இழுக்கிற வாயும் அதுதான் என்று அப்போதுதான் விளங்கிற்று. வாங்கவும் விடவும் வழியில்லாமல் அது தன் சூட்டிலேயே வெந்து, தானாக அணைந்து அணைந்து தப்பித்திருக்கிறது. கூரையில் இருந்த நச்சுவாயு அலாரத்தின் பட்டனை அழுத்திப் பார்த்தாள். வீலென்று கத்தியது. சரியாகத்தான் இருந்தது. பச்சை விளக்கு எரிந்தது.

வாசனை அடங்கும் வரை காத்திருந்தாள். அதற்குள் மூச்சு புகையாக வரும் அளவுக்கு டிரெய்லர் குளிர்ந்துவிட்டது. மறுபடி அதை அவள்தான் பற்றவைக்க வேண்டும். தெர்மோஸ்டாட் பட்டன் மேல் விரலை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். 'குப்'பென்ற சத்தம் கேட்டதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். இந்த முறை இரைச்சல் அறுபடவில்லை. ஒரே சீராக ஓடியது.

ஆனால் பழைய கதைதான். சமையலறை சூடானது, படுக்கையறைக்கு ஒன்றும் வரவில்லை. ரூஃபஸ் இப்போது, "சாவி, சாவி" என்றார். கட்டிலைத் தட்டிக் காட்டினார்.

"கட்டிலுக்கு அடியிலயா?"

ஆமாம்.

"சாமானா? உங்க டூல்ஸ் எடுக்கணுமா?"

இல்லை. கையை ஆட்டினார். பிறகு ஆமாம் என்றார். பிறகு இல்லை. இரண்டு பேருக்கும் கண்ணீர் வருகிற நிலை. கடைசியில் அவள், "சரி, தூக்கியே பாத்துடறேன்" என்றாள்.

கட்டிலைத் தூக்க வேண்டுமென்றால் அவரை இறக்க வேண்டும். இடுப்பில் பெல்ட்டைக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு, அவருடைய நான்குகால் ஊன்றுகோலோடு சமையலறை பெஞ்சுக்கு நடத்திப் போனாள். நான்கு எட்டு தூரம்தான் இருக்கும். நடுவில் காற்று டிரெய்லரை உலுக்கியபோது அவருடைய முழு பாரமும் அவள் தோளில் விழுந்தது. இருவரும் குளியலறைக் கதவில் சாய்ந்து நின்றார்கள். "விட்டுடாதீங்க, என்னப் புடிச்சுக்கோங்க" என்றாள். அவர் இதயம் அடிப்பது அவளுக்குக் கேட்டது. பெஞ்சில் உட்காரவைத்து, சரியாமல் இருக்க வலது பக்கம் தலையணைகளை அடுக்கி, மேஜையை நெருக்கி இழுத்து வைத்தாள்.

கட்டில் பலகை மேலே எழும்பிற்று. அடியில் பெட்டி போன்ற இருட்டு. அதற்குள் ரூஃபஸின் இரும்புக் கருவிப்பெட்டி மூலையில் சாய்ந்து கிடந்தது. அதற்கு அடியில் ஒரு வெள்ளிநிறக் குழாய், மிதித்த பேப்பர் கப் மாதிரி நசுங்கிக் கிடந்தது. மறுமுனை தரைத் துவாரத்தின் கழுத்திலிருந்து பாதி கழன்றிருந்தது. இவ்வளவு நாளும் படுக்கையறைக்கு வரவேண்டிய சூடு நசுங்கலில் தடைபட்டு, மீந்தது பிளவு வழியாகத் தரைக்கடியில் போய்க்கொண்டிருந்தது.

அன்று தடதடவென்று உருண்டது இதுதான். அமரில்லோ சாலையில், ஒரு பக்கம் செத்துக்கொண்டிருந்த காலோடு அவர் பிரேக் போட்டாரே, அப்போது. ஞானமணி ஒரு நிமிஷம் அங்கேயே குந்தியிருந்தாள்.

பெட்டியைத் தூக்க முடியவில்லை. திறந்து ஸ்பேனர், சுத்தியல் என்று ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்ட பிறகுதான் அசைந்தது. நசுங்கிய குழாய்க்குள் கையை விட்டாள். தோள் வரை போக வேண்டியிருந்தது. மறுகோடியில் நெருப்பு இருக்கிறது என்பது தெரிந்தும் விட்டாள். உள்ளே சுருள்கம்பி தட்டுப்பட்டது. அதை உள்ளிருந்து தள்ளித் தள்ளி வட்டமாக்கினாள். கழன்ற முனையைத் துவாரத்தின் கழுத்தில் மாட்டி அலுமினிய டேப்பைச் சுற்றினாள்.

பெஞ்சிலிருந்து ரூஃபஸ், "தண்ணி" என்றார்.

"குடிக்கவா?"

இல்லை. இடது கை விரல்களை மடக்கி இறுக்கிக் காட்டினார்.

"இன்னும் இறுக்கணுமா?"

ஆமாம்.

இன்னும் இரண்டு சுற்று சுற்றினாள். காற்று வந்தது. முதலில் தூசி, பிறகு சூடு. முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள், கண் எரிந்தது. அப்போதும் சமையலறைதான் முதலில் சூடேறியது. தெர்மோஸ்டாட்டுக்கு நேர் கீழே இருந்த துவாரத்தை ரூஃபஸ் காட்டி, உள்ளங்கையைப் பாதி மூடிக் காண்பித்தார். அந்த ஒன்றை மட்டும் பாதி மூடினாள். அங்கே சூடு மெதுவாக ஏறியதால் ஃபர்னஸ் இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக ஓடிவிட்டு நின்றது. இருட்டுவதற்கு முன் படுக்கையறையில் அவள் ஸ்வெட்டரைக் கழற்ற முடிந்தது.

அவரைத் திரும்பக் கொண்டுவந்து படுக்கவைத்து, வலது பாதத்தை மடியில் வைத்துக்கொண்டாள். மெல்ல மெல்ல நிறம் திரும்பியது. சுண்டுவிரல் மட்டும் நெடுநேரம் வெளுத்தே இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குளிர் மேலும் மூன்று நாள் நீடித்தது. அந்த மூன்று நாளும் அவள் சரியாகத் தூங்கவில்லை. ஃபர்னஸ் பற்றும்போது எழுந்து உட்காருவாள், அணைந்த பிறகு படுப்பாள். அலாரப் பட்டனை அவள் அடிக்கடி அழுத்திப் பார்த்ததில், ரூஃபஸ் காதைப் பொத்திக்கொண்டு முறைக்க ஆரம்பித்தார். சுண்டுவிரலில் ஒரு கொப்புளம் வந்தது. பாதை திறந்த அன்று டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, ஆறிவிடும், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் விரல் போயிருக்கும் என்றார். ஃபர்னஸைச் சோதித்த ஆள் உள்ளே விரிசல் எதுவும் இல்லை என்றான். அவள் அவனை இரண்டாவது தடவையும் பார்க்கச் சொன்னாள்.

விமானங்கள் பறக்கத் தொடங்கியதும் ரெபெக்கா வந்தாள். வந்த உடனே அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த வீடியோவைத் தான் பாதிதான் பார்த்ததாகச் சொன்னாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, டிரெய்லரை விற்றுவிட்டு இரண்டு பேரும் தன்னோடு ஐசலினுக்கு வரவேண்டும் என்றாள். ஞானமணியும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் ரூஃபஸ் இங்கே இப்போதுதான் நாலு வார்த்தை சேர்த்துப் பேசத் தொடங்கியிருந்தார்.

"ட்ரீட்மென்ட் முடியட்டும்டி. அப்புறம் பாக்கலாம்."

"உங்களுக்குப் பயமா இல்லையாம்மா?"

"இல்லாம என்ன? இருக்கு."

ரெபெக்கா அன்று சமையலறை பெஞ்சில் படுத்தாள். காலையில் கம்பளியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்து, "அம்மா, இட்ஸ் டூ ஹாட் இன் ஹியர்" என்றாள். ஞானமணி வந்து தெர்மோஸ்டாட்டை இரண்டு புள்ளி இறக்கினாள். உள்ளே நெருப்பு அணைந்து, விசிறியும் ஓடி ஓய்கிற வரை, கையைச் சுவரில் வைத்தபடி அங்கேயே நின்றாள். பிறகு காபி போடப் போனாள்.